உழுதவனுக்கு உரிய காணி

எம் தந்தையார் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். "ஒரு கிணறு வெட்டினால் இருபோகம் விளையுமே" என்று நாங்கள் கூறும்போதெல்லாம், "நாளை நிலத்தைத் திருப்பிக் கேட்டால் கிணற்றைத் தலையில் தூக்கிக்கொண்டா போவது?" என்பார். கிணறு வெட்டப்படாமலே அவர் கண்மூடினார். அயர்லாந்து உழவரின் வரலாற்றைப் படித்தபோது அச்சொல் எம் செவியில் மீண்டும் ஒலித்தது.

1845 முதல் 1849 வரை அந்நாட்டை வாட்டிய பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். உழுதவருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர், நிலமோ அவர்களுடையதன்று. வடிகால் வெட்டி, வேலி கட்டி நிலத்தைச் செப்பனிட்டால் குத்தகை உயருமோ என்ற அச்சம் அவர்களையும் வாட்டியது. 1879-இல் மைக்கேல் டேவிட்டும் பார்னெலும் நிலச் சங்கத்தைத் தோற்றுவித்து, அவ்வுழவர்களை ஒன்றுதிரட்டினர்.

நிலத்தை வாங்க அரசு கடன் தருவதென்பது 1870-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் விலையில் மூன்றில் இரு பங்கே கிடைக்கும். 1881-இல் அது நான்கில் மூன்று பங்காயிற்று. எஞ்சியதை ஏழை உழவன் எங்கே தேடுவான்? ஆகவே வாங்கியவர் சிலரே. 1885-இல் வந்த ஆஷ்போர்ன் சட்டம் முழு விலையையும் கடனாக அளித்தது. அதற்கென 50 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் 49 ஆண்டுகள் செலுத்தினால் வட்டியும் முதலும் தீரும். பத்துப் பவுண்டு குத்தகை தந்தவன், பதினெட்டு ஆண்டுக் குத்தகையை விலையாகப் பேசி 180 பவுண்டுக்கு வாங்கினான் எனக் கொள்வோம். அவன் தவணை 7 பவுண்டு 4 ஷில்லிங்கே! குத்தகையினும் குறைவு, முடிவில் நிலமும் அவனுடையது. 1903-ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் தவணையை அறுபத்தெட்டரை ஆண்டுகளாக நீட்டியது; விற்பவர் மனமுவந்து விற்க, விலைக்கு மேல் 12 விழுக்காடு ஊக்கத்தொகையும் அளித்தது.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம், ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், இழந்த காணி உரியவனிடம் திரும்பும் யூபிலி ஆண்டைப் பற்றிக் கூறுகிறது. நாற்பத்தொன்பது ஆண்டுத் தவணை முடிந்து, ஐம்பதாம் ஆண்டில் கடனின்றித் தன் வயலில் நிற்கும் உழவனை எண்ணிப் பாருங்கள்! 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், இயன்றவரை மிகுதியான மக்கள் நிலவுடைமை பெறச் சட்டம் துணைபுரிய வேண்டுமென வலியுறுத்தினார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. குத்தகைச் சீட்டு உடையவன் உரிமையாளனானான். அவனிடம் கூலிக்கு உழைத்த நிலமற்றவனோ பெரும்பாலும் நிலமற்றவனாகவே நின்றான். ஒருவனுக்கு நீதி கிடைத்ததால், அவன் அண்டை வீட்டானுக்கும் நீதி கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

நம் பங்குக் குடும்பங்களில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவோரும் உளர். அதனை விற்க நேர்ந்தால், முதலில் அதனை உழுதவனிடம் கேட்போம். அவனிடம் ஒரே தவணையில் பணம் இராது. சற்றுக் காலம் தருவோம். காலம் தருவதும் ஒரு தருமமே. எம் தந்தையாருக்கு வாய்க்காத அக்கிணற்றை, வேறொரு தந்தையாவது தம் மக்களுக்காக வெட்டட்டும்.