மணலில் இறங்கும் ஜீப்புக்கு எந்த கிளட்ச்?

பெருநகர்ப் பக்கம் செய்யாற்று மணலில் இறங்கி ஏறுகிற பழைய ஜீப்பை வைத்திருப்பவர்கள் கிளட்ச் மாற்ற வந்தால், முதலில் கேட்பது, "இருக்கிறதுலயே ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டு வுடுண்ணே." நான் போட மறுப்பதும் அதைத்தான்.

என் கைக்கு அதிகம் வருவது சிஜே-3பி. 1953இல் வில்லிஸ் கொண்டுவந்த வண்டி. மகிந்திரா இங்கே பல காலம் தயாரித்தது. உயர்ந்த பானெட்டுக்குள் 2,199 சிசி ஹரிக்கேன் இன்ஜின். முறுக்குவிசை 155 நியூட்டன் மீட்டர்தான். இன்றைய சின்ன டீசல் கார்கூட இதைவிட அதிகம் தரும். ஆனால் லோவில் முதல் கியர் விழுந்தால் கணக்கு மாறிவிடும். கியர் பாக்ஸில் 2.8, டிரான்ஸ்பர் கேஸில் 2.46, ஆக்சிலில் 5.38. பெருக்கிப் பாருங்கள், சுமார் 37 மடங்கு. அந்த நிலையில் கிளட்ச் வெடுக்கென்று பிடித்தால், மணலில் சிக்கிய சக்கரம் சுழலாது, ஆக்சில் ஷாஃப்ட் முறியும். செராமிக் பட்டன் பிளேட்டுக்கு அப்படி வெடுக்கென்று பிடிப்பதே குணம். பந்தயத்துக்கு அது சரி. நெல் மூட்டையோடு ஏரிக்கரையில் ஊர்ந்து ஏறுகிறவருக்கு, வழுக்கி வழுக்கிப் பிடிக்கிற ஆர்கானிக் லைனிங்கும் நடுவில் தளராத டாம்பர் ஸ்பிரிங்கும்தான் வேண்டும். பிரஷர் பிளேட்டிலும் அளவுக்கு மீறிய ஸ்பிரிங் வேண்டாம். பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் கிராங்கின் திரஸ்ட் வாஷரைத்தான் தேய்க்கும்.

கருகின பிளேட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டே காரணம்தான் அடிக்கடி தெரியும். ஒன்று, மணலில் லோ போடாமல் அரைக் கிளட்சிலேயே உறுமவிட்டது. மற்றது எண்ணெய். கிராங்கின் பின்பக்கக் கயிறு சீல் கசிந்து லைனிங் ஊறிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேட்டும் வழுக்கும், உதறும். சீலைச் சரிசெய்யாமல் புது பிளேட் போடுவது வீண் செலவு.

கியர் பாக்ஸை இறக்கியதும் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் லேத்துக்கு அனுப்பாமல் வேலை இல்லை.

பைலட் புஷ்ஷைக் கழற்றுவது எனக்குப் பிடித்த வேலை. அதன் துளை நிறைய கிரீஸைத் திணித்து, துளைக்குள் இறுக்கமாகப் போகிற ஒரு ஷாஃப்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸுக்குப் போக வழியில்லாமல் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளும். அடிக்க அடிக்க அது முழுசாக வெளியே வந்து நிற்கும். புதிய வெண்கல புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிப்பேன்.

பிளேட்டை நடுமையத்தில் நிறுத்த, பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைக் கடையில் வைத்திருக்கிறேன். அதைச் செருகிவிட்டு, கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும். ஸ்பிளைனுக்கு விரல் நுனியில் தொட்ட அளவு கிரீஸ் போதும். மிஞ்சினால் லைனிங்கில் தெறிக்கும். பெட்டியை ஏற்றும்போது அதன் கனம் பிளேட்டில் தொங்கவே கூடாது, ஜாக்கி நிற்கட்டும். தொங்கினால் பிளேட் வளைந்து, முதல் நாளே கிளட்ச் விடாமல் இழுக்கும்.

கடைசியாக, பெடலில் ஓர் அங்குலம் சும்மா ஆடும்படி வைத்துத் தருகிறேன். லைனிங் தேயத் தேய அந்த ஆட்டம் குறையும். அப்போது திரும்பச் சரிசெய்ய வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்கு டிரெய்லர் மாட்டாதீர்கள். லைனிங் பிளைவீலோடு படியட்டும், பிறகு ஆற்றில் இறக்குங்கள்.