பயிற்சிப் பதிவேடு யாருக்குரியது?

ஆசிரியத் தொழிலை வைத்தியத் தொழிலோடு ஒப்பிட்டுப் பேசுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். மேடைகளில் இவ்வொப்புமை எளிதாகக் கூறப்படினும், பயிற்சிமுறையை நோக்குமிடத்து இவ்விரு தொழில்களுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை வைத்தியசாலையில் நிறைவுசெய்த பின்னரே முழுப் பதிவு பெறுகின்றார். தேசிய கல்வியியற் கல்லூரிகளிற் பயில்வோர் தமது மூன்றாம் ஆண்டைப் பாடசாலையொன்றிற் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கின்றனர். ஆனால், பட்டதாரிகளாக நேரே நியமனம் பெறுவோர் பலர் வகுப்பறைக்குட் புகுந்த பின்னரே பயிற்சியை நாடுகின்றனர். சாதாரண வகுப்பிலே இக்குறையை ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம். விசேட கல்வி அலகிலே அதற்கான விலையைக் கொடுப்பது குழந்தையே.

மேலைநாடுகளில் விசேட கல்வி ஆசிரியருக்குரிய இக்களப்பயிற்சியை மருத்துவத்திலிருந்து பெற்ற சொல்லாலேயே குறிப்பிடுவர். அச்சொல் கிரேக்க மொழியிற் படுக்கையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. இச்சொற்கடன் தற்செயலானதன்று. 1896 ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் சிகிச்சை நிலையமொன்றை முதன்முதலில் நிறுவிய லைற்னர் விற்மரிடம் முதலிற் கொண்டுவரப்பட்டவன், எழுத்துக்கூட்டி எழுத இயலாது இடர்ப்பட்ட ஒரு சிறுவன். அவனைக் கொண்டுவந்தவர் ஓர் ஆசிரியை. அதற்கும் முன்னர், பிரான்சிலே காட்டிற் பிடிபட்ட விக்டர் என்னும் சிறுவனோடு ஏறத்தாழ ஐந்தாண்டுகளைச் செலவிட்ட இற்றார் என்பவரும் வைத்தியரே. அவருடைய குறிப்புகளையும் அவர் வழிவந்த செகெனின் நூல்களையும் பயின்ற மரியா மொன்ரிசோரி, 1900 ஆம் ஆண்டிலே உரோமில் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனமொன்றின் பொறுப்பை ஏற்றபோது, அதனோடிணைந்த வகுப்பிற் குழந்தைகளை அவதானித்தலையே பயிற்சியின் மையமாக்கினார். இம்மூவரிடமும் பொதுவாயமைந்த பண்பு ஒன்றுண்டு. பரிகாரத்தைப் பற்றிப் பேசுமுன், ஒரே குழந்தையை நெடுநேரம் பார்த்து, பார்த்ததை எழுதிவைத்தமையே அது.

நமது நாட்டில் இத்தகைய கல்வி தனி நிறுவனங்களிலேயே தொடங்கிற்று. இன்று இரத்மலானையிலுள்ள செவிப்புலன், விழிப்புலன் வலுவிழந்தோர் பாடசாலை 1912 இல் மேரி சப்மன் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் எழுந்தது. அங்கே புதிய ஆசிரியர், அனுபவமிக்க மூத்தோரின் பக்கத்திலிருந்து தொழிலைக் கற்க முடிந்தது. 1960களின் இறுதியிலிருந்து சாதாரண பாடசாலைகளோடு இப்பிள்ளைகளை ஒருங்கிணைக்கும் முயற்சி வளர்ந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் பக்கவிளைவாக, விசேட அலகின் ஆசிரியர் தம் பாடசாலையிலே அத்துறையறிந்த ஒரேயொருவராகத் தனித்து நிற்க நேர்ந்தது. பயிலுநர் சென்று சேர்வதும் இத்தனிமைக்குள்ளேதான்.

எனது பயிற்சிக்காலம் பத்து வாரங்கள். கிழக்கின் கரையோரப் பாடசாலையொன்றின் விசேட அலகிலே பதினொரு பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியொருத்தி பேசுவதில்லை; நாளுக்கு ஆறேழு தடவை காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவாள். காரணமின்றி அலறுகிறாள் என்பதே அங்கு நிலவிய முடிபு. ஏனைய வகுப்புகளுக்கு இடைஞ்சலாயிருப்பதால் அவளை நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் ஆசிரியர் அறையில் எழுந்திருந்தது. ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலை செல்லவேண்டுமென்ற கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1997 இல் ஆக்கப்பட்டு, 2016 இல் அவ்வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டதையும் அறியாதவர்கள் அல்லர் அவர்கள். விதி ஒருபுறமிருக்க, அலறல் மறுபுறமிருந்தது.

பயிற்சிப் பதிவேட்டில் நாள்தோறும் ஒரு பிள்ளையைப் பற்றிய அவதானக் குறிப்பு எழுதப்படவேண்டும் என்பது நிபந்தனை. நான் அச்சிறுமியையே தெரிந்துகொண்டேன். அலறிய நேரம், அதற்கு முன் நடந்தது, பின் நடந்தது என மூன்று நிரல்களை வரைந்தேன். முதல் வாரத்தின் இறுதியில் நேரங்களை வரிசைப்படுத்தியபோது, அவை ஒவ்வொன்றும் பாடவேளை மணிக்கு இரண்டொரு நிமிடம் முந்தியவையாக இருந்தன. மணியோ எமது அலகின் யன்னலை அடுத்துத் தொங்கிய தண்டவாளத் துண்டு. ஆனால் ஒலிக்காத மணிக்கு அவள் எவ்வாறு அஞ்சினாள்?

விடை அவளுடைய தாயிடமிருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் பாடசாலை முடியும்வரை வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்பார். பயிற்சித் திட்டத்திலே பெற்றோருடன் உரையாடுவதற்கென ஒரு மணித்தியாலமும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இடைவேளையில் நானாகச் சென்று பேசினேன். “அந்த மனிசன் இரும்புக் கம்பியை எடுத்தோண்டு யன்னலால போகேக்கையே பிள்ளைக்குத் தெரியும், ரீச்சர். இதை ஆரும் என்னட்டக் கேக்கேல்லையே” என்றார் அவர்.

மணியை இடம் மாற்றுமாறு கேட்டபோது அதிபர் முதலில் இசையவில்லை. பல்லாண்டு காலம் அங்கேயே தொங்கிய மணி என்றார். மூன்று நிரல்களையும் அவர் முன் விரித்து வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் தண்டவாளத் துண்டு மைதானத்தின் மறுகோடியிலிருந்த மரத்துக்கு மாறிற்று. அலறல் அறவே நின்றதெனக் கூறேன். நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவளை நிறுத்துவது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. ஏழாம் வாரத்திலே, வண்ணக் கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கும் வேலையில் அவள் இருபது நிமிடம் தொடர்ந்து அமர்ந்திருந்தாள்.

இக்காலத்தில் மேற்பார்வையாளர் இருமுறை வந்தார். இருமுறையும் பாடக்குறிப்பைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், ஒப்பமிட்டார். முழு வகுப்புக்குக் கற்பிப்போரை மதிப்பிடுவதற்கென அமைந்த படிவமே அவர் கையில் இருந்தது. ஒரு பிள்ளையை அவதானித்தமைக்கு அப்படிவத்திலே இடமில்லை. அவரைக் குறைகூறி ஆவதொன்றுமில்லை; படிவம் கேட்காததை அவர் கேட்கவில்லை.

பத்தாம் வாரத்தின் இறுதியில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். பதிவேடு பயிற்சி நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்படவேண்டியது. அங்கே அதற்குப் புள்ளி இடப்படும்; பின்னர் அது கட்டோடு கட்டாக அலுமாரிக்குட் செல்லும். அப்படியாயின், அச்சிறுமியைப் பற்றி அறியப்பட்டவை அனைத்தும் அவளை விட்டு நீங்கிவிடும். அடுத்த தவணை வரும் பயிலுநர் மீண்டும் ‘காரணமின்றி’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவார். வைத்தியசாலையிலே உள்ளகப் பயிற்சி வைத்தியர் எழுதும் குறிப்பு நோயாளியின் கட்டிலோடு இருக்கும். வைத்தியர் மாறினாலும் குறிப்பு மாறாது. ஒப்புமையை விரும்பும் நாம் இவ்வொரு வழக்கத்தையேனும் கடன் வாங்கியிருக்கலாம்.

நான் இரண்டு இரவுகளிற் குறிப்புகளை அப்பியாசக் கொப்பியொன்றிற் பிரதிசெய்து வகுப்பாசிரியையிடம் கொடுத்துவந்தேன். அடுத்த ஆண்டு அதே அலகுக்குச் சென்ற பயிலுநர் ஒருவரைப் பின்னர் சந்தித்தேன். வகுப்பாசிரியை முதல் நாளே அக்கொப்பியை அவர் கையிற் கொடுத்ததாகவும், தாம் அதன் வெற்றுப் பக்கங்களிலிருந்து தொடர்ந்து எழுதியதாகவும் சொன்னார். புள்ளி பெற்ற பதிவேட்டை எவரும் திறந்ததாக நான் அறியேன்.

பயிற்சிக்காலத்தை எத்தனை மணித்தியாலமாக வரையறுப்பது என்பது பல நாடுகளில் ஆராயப்படும் வினா; அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 600 மணித்தியாலத்தை விதித்துள்ளது. நமக்கும் ஒரு குறைந்தபட்ச எல்லை வேண்டும். எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது. அம்மணித்தியாலங்களுள் ஒரு பகுதி ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அவதானிப்பதற்கும், ஒரு பகுதி பெற்றோருடன் அமர்ந்து பேசுவதற்கும் எனத் திட்டத்திலேயே குறிக்கப்படவேண்டும். மேற்பார்வை செய்வோர் இத்தகைய பிள்ளைகளுக்குத் தாமே கற்பித்தவர்களாயிருத்தல் வேண்டும். பதிவேட்டின் ஒரு பிரதி, பெற்றோரின் சம்மதத்தோடு, பிறர் கண்ணுக்கு எட்டாதவாறு பேணப்பட்டு, அலகிலேயே தங்கவேண்டும்.

இவற்றுள் இறுதியானதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், பூட்டக்கூடிய ஒரு மேசை லாச்சியும் போதும். பயிலுநர் வருவர், போவர். அது தவிர்க்க இயலாதது. பிள்ளை அங்கேயே இருக்கின்றது. அறியப்பட்டதும் அதனோடு இருப்பதே முறை.