எங்கள் வீட்டு டிசம்பர்

பெங்களூரில் மார்கழி பிறக்கும் முன்பே பனி பிறந்துவிடும். விடியற்காலையில் பால்காரரின் மிதிவண்டி மணி கேட்கும், ஆள் தெரியமாட்டார். எங்கள் குழந்தைகள் இருவரும் அந்தப் பனிக்காலத்தில் பிறந்தவர்கள். மூத்தவள் 1984 டிசம்பர் 13ஆம் நாள் பிறந்தாள். இளையவன் அடுத்த ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், மார்கழித் திருவாதிரையன்று பிறந்தான். ஆகவே ஆண்டின் பதினொரு மாதங்கள் எங்கள் வீடு மற்ற வீடுகளைப் போன்றதே. பன்னிரண்டாம் மாதம் மட்டும் திருவிழாத் தெரு.

இரண்டு குழந்தைகளுக்கு நான்கு பிறந்தநாள்கள் வந்தமைக்குக் காரணம் பாட்டி. ஆங்கிலத் தேதியில் கொண்டாடுவது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு நட்சத்திரமே கணக்கு என்பது அவர் கொள்கை. அதற்குச் சான்றும் உண்டு. இராசராசனின் சதய விழாவைக் கல்வெட்டிலே காண்கிறோம். மன்னன் பிறந்தநாளைப் பாடுவதைத் தொல்காப்பியம் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்நாளில் அரசன் வெள்ளணி அணிவான், சிறைப்பட்டோரை விடுவிப்பான் என்பர். எங்கள் வீட்டு அரசர்களோ, அந்நாளில் வீட்டுப்பாடத்திலிருந்து தம்மையே விடுவித்துக் கொள்வார்கள். தேதியா, நட்சத்திரமா என்ற வழக்கில் குழந்தைகள் எப்போதும் நடுநிலை வகித்தனர். இரண்டிலும் இனிப்பு உண்டன்றோ!

வழக்கு முற்றியது கேக்கின் வாயிலில். முட்டை கலந்த பண்டம் வீட்டுக்குள் வரலாகாது என்றார் பாட்டி. இந்தச் சிக்கலைப் பெங்களூர் எங்களுக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தது. ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பத்தார் 1898இல் சிக்பேட்டையில் தொடங்கிய ரொட்டிக்கடையின் வழிவழியாக, நகரெங்கும் ஐயங்கார் பேக்கரிகள் பெருகின. முட்டையில்லாத கேக் அங்கே கிடைக்கும். முட்டை ஒழிந்தது, மெழுகுவர்த்தி எஞ்சியது. எரியும் சுடரை வாயால் ஊதி அணைப்பதும், அணைத்ததற்குக் கைதட்டுவதும் எந்த ஊர் மங்கலம் என்று பாட்டி கேட்ட கேள்விக்கு எங்களால் இன்றுவரை விடை கூற இயலவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஊதினார்கள். பாட்டி அந்த நொடியில் அடுக்களைக்குள் சென்றுவிடுவார்.

பள்ளி விடுமுறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். கருநாடகத்துப் பள்ளிகளுக்குப் பெரிய இடைவிடுமுறை தசராவில். கிறித்தவ நிறுவனத்தார் நடத்தும் பள்ளிகளில் கிறிஸ்துமசை ஒட்டியும் பத்து நாள் கிடைக்கும். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடும் விடுமுறையும் அதே காலந்தான். எனவே திருவையாற்றுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அண்ணன் பிள்ளைகள் இரவு இரயிலேறி வருவர். பெட்டியில் பாதி கம்பளிச் சட்டை. குளிரைக் கண்டிராத பிள்ளைகள் வாயால் ஆவி விடுவதையே இரண்டு நாள் விளையாட்டாகக் கொள்வார்கள். பிறகு லால்பாக், முன்னூறு கோடி ஆண்டுப் பழமை வாய்ந்ததென அறிஞர் கூறும் அந்தப் பாறையின்மேல் ஏறி, கால்சட்டை தேயச் சறுக்குதல். பிறகு கப்பன் பூங்காவின் சிறுவர் இரயில். பிறகு, 1970களில் தொடங்கி டிசம்பர்தோறும் நடக்கும் கேக் கண்காட்சி. கேக்கிலே கட்டிய கோட்டையும் கோபுரமும் கண்டு, தின்ன முடியாத கேக் எதற்கு என்று இளையவன் கேட்டான்.

ஆனால் குழந்தைகளின் உண்மையான விடுமுறை நடந்தது எங்கள் கொல்லைப்புறத்தில்தான். நாங்கள் குடியிருந்தது ஹனுமந்தநகரில். பின்வீட்டில் ஒரு கன்னட மூதாட்டி. எங்கள் குழந்தைகளுக்கும் ஆகவே எங்களுக்கும் அவர் ‘அஜ்ஜி’. பிறந்த ஊர் மண்டியாவை அடுத்த சிற்றூர். அவருடைய தம்பியர் விசுவேசுவரய்யா கால்வாயின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடுபவர்கள். ஆண்டுதோறும் அங்கிருந்து அவருக்கு வெல்லம் வரும். அதில் எங்களுக்கும் பங்கு வரும். எங்கள் ஊரில் குறுவைக்கு நீர் வந்ததா என்று அவர் கேட்பார். அவர் ஊரில் மழை எப்படி என்று பாட்டி கேட்பார். ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதிதான் தெரியும். மீதியைக் கையால் பேசிக்கொள்வார்கள்.

டிசம்பரில் பெங்களூர்ச் சந்தைகளில் அவரைக்காய் மலையாகக் குவியும். காயை உரித்து, விதையை இரவு ஊறவைத்து, காலையில் இரு விரலிடையே அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பீறிட்டுப் பாயும். கூட்டாளியின் முகத்தைக் குறிபார்த்து அழுத்துவது பிள்ளைகளின் வழக்கம். அதை நம் வடமாவட்டங்களில் பிதுக்குப் பருப்பு என்பர். அஜ்ஜி ‘ஹிதுகித அவரெ’ என்பார். இந்த வேலையின்போதுதான் மூத்தவள் ஓர் இலக்கணம் கண்டுபிடித்தாள்: பிதுக்கினால் தமிழ், ஹிதுக்கினால் கன்னடம்! பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி. மொழிநூலார் நூல்களில் எழுதிவைத்ததை அவள் அவரைக்காயில் கற்றாள். இளையவன் விதியை ஒரு படி மேலே கொண்டு சென்று பாட்டியை ‘ஹாட்டி’ என்றழைத்து அடி வாங்கினான். பிறந்தநாளுக்கு அவர்கள் சொல் ஹுட்டுஹப்ப. ஹப்ப என்றால் பண்டிகை. பிறந்ததையே பண்டிகை என்ற அந்தச் சொல் எங்களுக்கு மிகப் பிடிக்கும். நாம் நாள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி 1991ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும்.

அவ்வாண்டு பசவனகுடிக் கடலைக்காய்ப் பரிஷெ டிசம்பர் 2ஆம் நாள் வந்தது. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, பெரிய நந்தி கோயிலை ஒட்டி உழவர்கள் நிலக்கடலையைத் தெருவெல்லாம் குவித்து விற்பார்கள். முதல் விளைச்சல் நந்திக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடலையும் அங்கே கலந்திருக்கும். பிள்ளைகளின் தொல்லை தாளாமல் ஒரு கோணிப்பைக் கடலை வாங்கிவிட்டோம். இவ்வளவும் யார் தின்பது என்று பாட்டி கடிந்துகொண்டார். மகளுக்கு ஏழு வயது நிறையும் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை. கேக்குக்கு முன்பணம் கட்டியாயிற்று. அதில் மேலே ஒரு மயில் வேண்டும் என்பது அவள் கட்டளை.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் பிறந்திருந்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் என்பது ஆணை. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியாயிற்று. 12ஆம் நாளும் 13ஆம் நாளும் பெங்களூரில் நடந்தவற்றை இங்கே விரித்துரைப்பது எங்கள் நோக்கமன்று. தமிழர் பலர் வீடும் கடையும் இழந்தனர், உயிரிழந்தோரும் உண்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லை கடந்தோர் பலர். எங்கள் தெருவில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். அவர்களோடு ஒப்பிட எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அச்சம் மட்டும் நேர்ந்தது.

வியாழனன்று பள்ளியைப் பாதியில் விட்டார்கள். எதிர்பாரா விடுமுறை என்று குழந்தைகள் குதித்துக்கொண்டு வந்தனர். மாலையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது தொலைவில் இரண்டு இடங்களில் புகை. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளைத் தேடிக் கொளுத்துகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் ஸ்கூட்டர் ஊரில் வாங்கியது. எண்ணும் அவ்வூர் எண்ணே. என்ன செய்வதென்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்கையில் அஜ்ஜியின் மகன் பின்வழியே வந்தார். ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிறுத்தி, மேலே வைக்கோலைப் போட்டார்.

வெள்ளி விடிந்தது. ஊரடங்கு. கடையில்லை, பாலில்லை, கேக் இல்லை, மயில் இல்லை. தெருக்கதவைத் தாழிட்டுத் திரையை இழுத்துவிட்டோம். குழந்தைகளோ வீடு அதிரப் பாடிக்கொண்டிருந்தார்கள், தமிழில். அப்போது நாங்கள் செய்த ஒன்றைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுகிறோம். ‘பின்வீட்டு அஜ்ஜிக்கு உடம்பு சரியில்லை, உறங்குகிறார். உரக்கப் பேசாதீர்கள். முன்னறைக்கு வந்தால் பேசவே பேசாதீர்கள்’ என்றோம். பிறந்தநாளன்று, பெற்ற மகளிடம், அவளுடைய தாய்மொழியை அடக்கிப் பேசச் சொன்னோம். அதற்கு ஒரு மூதாட்டியின் மேல் நோயையும் ஏற்றிச் சொன்னோம். இருவரில் யார் வாயிலிருந்து முதலில் அது வந்தது என்று பின்னாளில் நினைவூட்டிப் பார்த்தோம்; தெரியவில்லை. இருவரும் சேர்ந்தே சொல்லியிருக்க வேண்டும். குழந்தைகள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டனர். அவ்வளவு விரைவாகக் கீழ்ப்படிந்தது வேறென்றைக்கும் இல்லை. அந்த அமைதியில் எங்களால் அமர்ந்திருக்க முடியவில்லை.

பிற்பகலில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. அஜ்ஜி. ஒரு கையில் செம்பு நிறையப் பால். மறுகையில் மண்டியா வெல்லம், இரண்டு அச்சு. “மகுவின ஹுட்டுஹப்ப அல்வே இவத்து?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மூத்தவள் அவர் அருகில் சென்று, செவியோடு செவியாக, “அஜ்ஜி, நாங்க சத்தம் போட்டு உங்களை எழுப்பிட்டோமா?” என்றாள்.

அஜ்ஜிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு குழந்தையைப் பார்த்தார், தாழிட்ட கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் கூறினார்: “நான் தூங்கல்லே மகு. நீ ஜோரா பேசு.” கன்னடத்தில் ஜோர் என்றால் உரக்க என்று பொருள், நம் பேச்சில் சிறப்பாக என்று பொருள். அவர் எதை எண்ணிச் சொன்னாரோ, குழந்தை இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

பின்னர் நடந்தது பாட்டியின் ஆட்சி. கோணிப்பைக் கடலை வெளியே வந்தது. ஊரடங்கில் வேறு வேலையென்ன. அனைவரும் அமர்ந்து உடைத்தோம். வறுத்து, தோல் ஊதி, மண்டியா வெல்லத்தில் பாகு காய்ச்சிக் கிளறி, உருண்டை பிடிக்காமல் பித்தளைத் தாம்பாளத்தில் வட்டமாகத் தட்டினார் பாட்டி. அஜ்ஜி அதன்மேல் கொப்பரையைச் சீவித் தூவினார். மெழுகுவர்த்தி இல்லை. கார்த்திகைத் தீபத்துக்கு வாங்கிய அகல்களில் ஏழை எடுத்து, தாம்பாளத்தைச் சுற்றி வைத்து ஏற்றினோம். மகள் வழக்கம்போல் கன்னம் உப்ப மூச்சை இழுத்தாள். பாட்டி தடுக்கவில்லை, அடுக்களைக்குள் செல்லவுமில்லை. ஆனால் அவளே ஊதவில்லை. “இது ஊதுற விளக்கு இல்லை” என்று தம்பிக்கும் விளக்கினாள். எண்ணெய் தீரும்வரை ஏழும் எரிந்தன. ஒவ்வொன்றாக அணைவதை இரு குழந்தைகளும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது.

அவ்வாண்டு அண்ணன் பிள்ளைகள் வரவில்லை. ஊருக்கு வந்துவிடுங்கள் என்று அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. போய்விடலாமா என்று பல இரவுகள் பேசினோம். 22ஆம் நாள் திருவாதிரை. இளையவனின் நட்சத்திரப் பிறந்தநாள். பாட்டி களி கிண்டினார். முதல் கிண்ணம் பின்வீட்டுக்குப் போயிற்று. 27ஆம் நாள் ஒரு கேக் வந்தது. அதில் இரண்டு பெயர்கள். மயில் பெரியதாக வேண்டும் என்ற சண்டை. போவதைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்ல நின்றது. நாங்களாக முடிவெடுத்தோம் என்று சொல்வதற்கில்லை. ஸ்கூட்டர் மட்டும் பொங்கல்வரை வைக்கோலுக்குள் இருந்தது.

கடலைத் தாம்பாளம் வழக்கமாகிவிட்டது. கேக் வாங்கிய ஆண்டுகளிலும் அது உண்டு. இன்று பேரக்குழந்தைகளுக்கும் அதுவே. ஆண்டுக்கு ஓர் அகல் கூடும்.

அந்நாளில் விடுமுறைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் குழந்தைகளை அழைத்துச் செல்கையில், கோணியால் மூடிக் கட்டிய ஓர் உருவத்தை அவர்கள் கேட்காமல் கடந்ததில்லை. திருவள்ளுவர் என்போம். “குளிருக்குப் போர்த்தியிருக்காங்களா?” என்று கேட்டான் இளையவன். ஆமென்று சொல்லி நடந்தோம். 1991இல் திறக்கப்பட வேண்டிய அச்சிலை பதினெட்டு ஆண்டுகள் போர்வைக்குள்ளேயே இருந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அல்சூர் விழாக் கூட்டத்தில் மகளும் எங்களோடு நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அஜ்ஜி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

திரும்பும் வழியில், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி, அஜ்ஜியின் உறக்கத்தைப் பற்றி, நாங்களாகவே அவளிடம் ஒப்புக்கொண்டோம். அவள் வியப்படையவில்லை.

“அஜ்ஜி பகல்ல தூங்கியதே இல்லையே. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“பின் ஏன் அவரிடம் அப்படிக் கேட்டாய்?” என்றோம்.

“அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கத்தான்” என்றாள்.