இரண்டாவது லோடு

அரவைக் கூலிக்கு ஓடும் அரிசி ஆலைக்கு சேல்ஸ்மேன் தேவையில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அப்படி ஓடும் ஆலைகள் நிறைய. கொள்முதல் நிலையத்து நெல்லை நுகர்பொருள் வாணிபக் கழகமே அனுப்பிவைக்கும். அரைத்துக் கொடுத்தால் கூலி. சொந்தப் பெயரில் மூட்டை கட்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பலாம் என்று ஆசைப்படும்போதுதான் வம்பு ஆரம்பம். அங்கே காங்கேயமும் ஆரணியும் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும்!

ஒரத்தநாடு பக்கம் ஆலை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழர், போன வருஷம் இதற்காகவே ஒரு சேல்ஸ்மேனை எடுத்தார். பளிச்சென்று பேசுகிற ஆள். மூன்றே மாதத்தில் முப்பது புதுக் கடை. லாரி கிளம்பினாலே மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். தோழருக்கு ஏக குஷி. வசூலுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அதில் பாதிக் கடைகளுக்கு மற்ற ஆலைக்காரர்கள் கடனுக்குச் சரக்கு கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். புதுக் கடை சுலபமாகக் கிடைத்தால், அது யாரோ கைகழுவிய கடையாகவும் இருக்கலாம்.

நான் பி.காம். அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் வந்த பிறகு, பலரும் 26 கிலோ மூட்டைக்குத் தாவிவிட்டார்கள். அந்த மூட்டை 1,300 ரூபாய், அதில் லாபம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைப் பணம் வராமல் போனால், அதை ஈடுகட்ட இன்னும் 33 மூட்டை விற்கணும்.

பர்மாவில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் இதையெல்லாம் அப்போதே யோசித்திருக்கிறார்கள். ஏஜெண்டை மூன்று வருஷத் தவணைக்கு அனுப்புவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். லாபத்தில் பங்கு மட்டும், தவணை முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான்.

இந்த முறை ஆள் எடுக்கும்போது நானும் கூட உட்கார்ந்தேன். "எத்தனை புதுக் கடை பிடிச்சீங்க?" என்று தோழர் யாரையும் கேட்கவில்லை. "அதுல எத்தனை கடை பணத்தைக் கட்டிட்டு ரெண்டாவது லோடு எடுத்துச்சு?" என்று கேட்டார். இரண்டு பேர் விழித்தார்கள். மூன்றாவதாக வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து, கடை கடையாகச் சொன்னார்.

"கமிஷன், பணம் வந்த பிறகுதான்" என்றார் தோழர்.

"சரிங்க சார். அப்ப எந்தக் கடைக்குக் கடன் குடுக்கலாம்னு நான்தான் சொல்லுவேன். இன்னொண்ணு... சாம்பிள்ல பழைய அரிசியைக் காட்டிட்டு, மூட்டையில புது அரிசியைக் கலந்தீங்கன்னா சாதம் குழையும். கடைக்காரர் பணத்தை நிறுத்திடுவார். உங்க அரிசியால பணம் நின்னா, என் கமிஷன் நிக்கக் கூடாது. எழுதிக் குடுப்பீங்களா?"

தோழர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். யார் யாரை இன்டர்வியூ செய்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஒரு நிமிஷம் கழித்து, தோழர் லெட்டர்பேடை எடுத்து எழுத ஆரம்பித்தார்.