வேலூர் கோட்டை டு வாலியர் வீடு... பஸ்ஸிலேயே ஒரு ஜவ்வாது மலை டிரிப்!

மெக்சிகோவில் முதுகுப்பையோடு சுற்றுபவர்களுக்கு ஒரு ஃபேவரைட் ரூட் உண்டு. ஸ்பானியர்கள் 1542-ல் உருவாக்கிய மெரிடா நகரில் தங்கி, பஸ் பிடித்து உக்ஸ்மாலின் மாயன் பிரமிடுகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஃபிளைட் டிக்கெட்டுக்குக் காசில்லாத நாம் வேலூரில் பஸ் ஏறலாம்!

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை. விஜயநகர காலத்தில் கட்டியது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, அவர் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வைத்திருந்தது இங்கேதான். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் வெடித்தெழுந்ததும் இங்கேதான். 1846-ல் கட்டிய தேவாலயமும் உள்ளேயே இருக்கிறது.

அடுத்து போளூர். அங்கே பஸ் மாறினால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஜமுனாமரத்தூர். ஜன்னல் சீட் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

இந்த மலையில் ‘கல்திட்டை எங்கே?’ என்று கேட்டால் பலருக்குப் புரியாது. ‘வாலியர் வீடு’ என்று கேளுங்கள். நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. குனிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும் என்பதால், குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று கதை. உண்மையில் இவை 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பெருங்கற்கால மக்கள், இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இத்தனை எடையுள்ள மூடுகல்லை எப்படித் தூக்கினார்கள் என்று யோசித்தால் கழுத்து வலிக்கிறது!

கோட்டைக்கு அகழியும் மதிலும் காவலும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு ஒரு வேலிகூட இல்லை. தமிழ்நாடு முழுக்கவே புதையல் ஆசையில் இப்படிப்பட்ட சின்னங்களைத் தோண்டுகிறார்கள். கிடைப்பது எலும்பும் பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான். பலகைக் கல்லைப் பெயர்த்து வீட்டு வேலைக்கு எடுத்துப்போவதும் நடக்கிறது. ‘வாலியர் வீடு, தொடாதே’ என்ற பயம்தான் இத்தனை காலம் காவல் காத்திருக்கும் என்று தோன்றுகிறது. பகுத்தறிவு பேசும் எனக்கே அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றிருக்கிறது. நீங்களும் மூடுகல் மேல் ஏறி நின்று ரீல்ஸ் எடுக்காதீர்கள், ப்ளீஸ்.

இறங்கும்போது வந்த வழியே வர வேண்டாம். காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கினால் ரயிலே கிடைக்கும். காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம். யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதை 1977-ல் கண்டறிந்த இடங்களில் இதுவும் ஒன்று. வழக்கமாக சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

மலையில் பஸ்கள் குறைவு. ஜமுனாமரத்தூரில் இறங்கியதுமே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.