ஊர் அரிசியும் ஒரு கையெழுத்தும்

மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர் பக்கம் பல வீடுகளில் பொங்கல் முடிந்த சில வாரங்களில் ஒரு மூட்டை வந்து இறங்கும். 'ஊர் அரிசி' என்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் தாத்தா காலத்து நிலம் ஒன்றோ இரண்டோ ஏக்கர் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். மூட்டை வந்துவிட்டால் ஊரில் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

தெற்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கும் மன்னார்குடி அருகே 2 ஏக்கர் இருக்கிறது. கணவர் வழிச் சொத்து. இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பம்தான் அங்கே பயிர் செய்கிறது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு மூட்டை வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல். அப்போதும் பாதிதான் வந்தது. மீதியை "அடுத்த போகத்துல சரி பண்ணிடுறேன் டீச்சரம்மா" என்றார் குத்தகைதாரர். கடன் வாங்கித்தான் சரி பண்ணினார் என்பது டீச்சருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த அடி 2023-ல். சம்பா நெல் தை, மாசியில் அறுவடைக்கு வரும். அப்போது வெயில் காய வேண்டும். ஆனால் அந்த பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் மழை கொட்டியது. முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்தது.

நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. சாய்ந்த பயிரை அறுக்க கூடுதல் நேரம் பிடிக்கும். ஈரச் சேற்றில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு வாடகை அதிகம். அறுத்த நெல்லிலும் ஈரப்பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மழைக் காலத்தில் மத்திய அரசு அதைத் தளர்த்தும். ஆனால் அந்த உத்தரவு வரும்வரை ரோட்டில் கொட்டிக் காய வைக்க வேண்டியதுதான். அவசரப்பட்டவர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பார்.

33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. 2 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 16,000 ரூபாய். அந்தப் பணம் மயிலாப்பூரில் டீச்சரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பட்டா அவர் பெயரில். அடங்கலிலும் அவர் பெயர்தான். சேற்றில் நின்றவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பயிர்க் காப்பீட்டுக்கும் இதே சிக்கல்தான். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம் மட்டுமே. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் கையில் இருக்க வேண்டும்.

டீச்சர் 16,000 ரூபாயை அன்றே அனுப்பிவிட்டார். "கேக்கக் கூச்சமா இருந்துச்சும்மா" என்றார் அவர் போனில்.

அடையாறில் இருக்கும் மகனிடம் டீச்சர் அடுத்த யோசனையைச் சொன்னார். அடங்கலில் குத்தகைதாரர் பெயரைச் சேர்க்க சம்மதக் கடிதம் கொடுப்பது. இத்தனை மூட்டை என்ற பேச்சை விட்டுவிட்டு, விளைந்ததில் பங்கு என்று வாரத்துக்கு மாறுவது.

"எழுதிக் குடுத்தா நிலம் கையைவிட்டுப் போயிடும்மா. பேசாம வித்துடலாம்" என்றார் மகன்.

அந்தப் பயம் பல வீடுகளில் உண்டு. காரணமும் இருக்கிறது. 1955-ம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் செய்யும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969-ல் தனிச் சட்டமே வந்தது. அதனாலேயே பலரும் எழுத்தைத் தவிர்த்தார்கள். பருவம் ஒழுங்காக இருந்தவரை வாய்ப்பேச்சும் ஓடியது.

"2015 வெள்ளத்துல உன் கார் மூழ்குச்சே, காப்பீட்டுப் பணம் எப்படிக் கிடைச்சுது?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆர்.சி. என் பேர்ல இருந்துச்சு."

"அவருக்கு அந்த ஆர்.சி.தான்டா அடங்கல்."

மகன் பதில் சொல்லவில்லை. இன்னும் முழுதாகச் சம்மதிக்கவும் இல்லை. ஆனாலும் டீச்சர் மன்னார்குடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த சம்பாவுக்கு அந்த விவசாயி முதல்முறையாகத் தன் பெயரிலேயே பிரீமியம் கட்டினார்.

இனி மழை தவறினால் மட்டும்தான் நஷ்டம் என்றில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதவிகிதம் குறைவதாகக் கண்டறிந்தது. 1982 முதல் 1988 வரை அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர்தான், அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன். வெள்ளம் போட்டோவில் தெரியும். இரவுச் சூடு தெரியாது. களத்து மேட்டில் மூட்டை எண்ணும்போதுதான் தெரியும்.

அந்தக் குறைவு முழுவதையும் பயிர் செய்பவர் தலையில் மட்டும் கட்டினால், ஒருநாள் அவர் நிலத்தை விட்டுவிட்டு திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிறகு பட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உங்கள் குடும்பத்துக்கும் ஊரில் குத்தகை நிலம் இருக்கிறதா? அடுத்த விதைப்புக்கு முன் ஒரு போன் போடுங்கள். அடங்கலில் யார் பெயர் இருக்கிறது, காப்பீடு கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். கூச்சத்தில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.