போய் வருகிறேன்

தமிழர் இல்லங்களில் வெளியூர் புறப்படுவோர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே விடைபெறுவர். வாய் தவறி முதற்சொல்லோடு நிறுத்திவிட்டால், பெரியவர்கள் உடனே தடுத்துத் திருத்துவர். பல்கலைக்கழக மாணவியாகிய எங்கள் மகள் ஒரு பருவகாலத்தை, அதாவது பிள்ளைகள் வாய்மொழியில் ஒரு செமஸ்டரை, அயல்நாட்டில் பயில விரும்பினாள். அதற்காக வீட்டிலுள்ள அனைவரும் ஓராண்டுக் காலம் கூடியமர்ந்து திட்டமிட்டோம். அப்போது, விடைபெறும் மொழியிலுள்ள ‘வருகிறேன்’ என்னும் சொல்லே அத்திட்டம் முழுவதற்கும் அடிப்படையாய் நின்றதைக் கண்டோம். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று இப்பேச்சு எழுகின்றது. ஆதலின், எங்கள் பட்டறிவை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்து கொள்கிறோம்.

எங்கள் குடும்பமும் பெயர்ந்து வந்த குடும்பமே. ஆயினும் நெடுந்தூரம் பெயர்ந்ததன்று. குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மாங்காய் வாணிகத்தின் பொருட்டு எங்கள் பாட்டனார் சித்தூருக்கு வந்து சேர்ந்தார். அதற்கும் ஒரு தலைமுறை முன்னால் இரண்டு ஊர்களும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைமையிடம். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் பிறந்த ஆந்திர மாநிலத்தோடு அது சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லைகள் மீண்டும் திருத்தப்பட்டபோது, திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைகளே எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன எனலாம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மகள் திருப்பதியில் கட்டுமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது, வீடு ஒரு மாவட்டத்திலும் விடுதி மற்றொரு மாவட்டத்திலுமாக ஆயின.

அயல்நாட்டுப் பேச்சை அவள் எடுத்த அன்றே எங்கள் ஆயா உணவை வெறுத்தார். வட ஆர்க்காட்டு வழக்கப்படி பாட்டியை ஆயா என்றே அழைப்பது எங்கள் வீட்டு மரபு. அவருடைய சிற்றப்பா இளமையில் மலாயாவுக்குக் கப்பலேறியவர். சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பிறகு பணம் மட்டும் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும், பர்மாவின் வயல்களுக்கும் சென்ற நம்மவர் வீடுகளில் இத்தகைய கதை ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. அவர்களும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லித்தான் புறப்பட்டனர். ஆனால், திரும்பும் நாள் எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. “எந்தத் தேதிக்கு வருவே கண்ணு? அதை முதல்ல சொல்லு” என்று ஆயா பேத்தியைக் கேட்டார். எழுத்தறிவு மிகாத அம்முதியவரின் கேள்வியே, பின்னர்ப் பேராசிரியர்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றிற்கும் தலையாயதாக அமைந்தது.

பரிமாற்ற மாணவராகச் செல்வது, வெளிநாட்டில் பட்டம் பெறச் செல்வதினின்றும் வேறானது. இரு பல்கலைக்கழகங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்து கொள்ளும். இங்கிருந்து ஒருவர் அங்கும், அங்கிருந்து ஒருவர் இங்கும் சென்று பயில்வர். இத்தகைய ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் தாய்ப் பல்கலைக்கழகத்திற்கே செலுத்தப்படும். பட்டத்தைத் தருவதும் தாய்ப் பல்கலைக்கழகமே. ஆகவே, அங்கே படித்தது இங்கே கணக்கில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அப்பருவகாலம் சுற்றுலாவாக முடிந்து, அதே பாடங்களை மறுபடி எழுத ஓராண்டு வீணாகும். படிப்பின் அளவை மதிப்பலகுகளாகக் கணக்கிடுகின்றனர். கிரெடிட் என்று பிள்ளைகள் சொல்வது இதனையே. ஐரோப்பிய முறையில் ஓராண்டிற்கு 60 அலகு, ஒரு பருவத்திற்கு 30. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பாடத்திற்குப் பெரும்பாலும் 4 அலகு. ஒரே எண் எல்லா நாட்டிலும் ஒரே எடையன்று. மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பழங்காலத்துச் சந்தையை இது நினைவூட்டுகின்றது.

முதலில் மகளின் நாட்டம் ஜெர்மனியின் மேல் இருந்தது. அதற்கு அவள் காட்டிய சான்று எங்களை வாயடைக்கச் செய்தது. 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், எட்டு வயதளவில் வீட்டை விட்டுத் திருப்பதிக்கு வந்து பயின்றார். அப்பள்ளியை நடத்தியது ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரிலிருந்து வந்த லூத்தரன் சபை. திருப்பதியிலிருந்து வேலூருக்கும், வேலூரிலிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் சென்ற அவர், 1926-இல் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவாற்றினார். 1936-இல் அங்கேயே பேராசிரியரானார். “ஜெர்மானியர் அத்தனை தொலைவிலிருந்து திருப்பதிக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார்களே அப்பா, ஆறு மாதம் நான் அங்கே போனால் என்ன?” என்றாள். மறுமொழி சொல்வது எளிதாக இல்லை.

மறுமொழியை நாட்காட்டி சொல்லிற்று. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கோடைப் பருவம் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. மகளின் பல்கலைக்கழகத்திலோ ஒரு பருவம் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை. மற்றொன்று ஜனவரி முதல் மே வரை. அங்கே ஒரு பருவம் படிக்க இங்கே இரண்டு பருவங்களைக் கலைக்க வேண்டிவரும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலோ முதற்பருவம் ஆகஸ்டு முதல் டிசம்பர்த் தொடக்கம் வரை. இரண்டாம் பருவம் ஜனவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை. இரு நாட்காட்டிகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் சென்று வந்தால், நான்காம் ஆண்டில் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்கும் காலத்தில் அவள் இங்கே இருப்பாள் என்பதும் கணக்கில் சேர்ந்தது.

சிங்கப்பூர் என்றதும் ஆயாவின் முகம் சற்றுத் தெளிந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழி என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். மகளுக்கோ அதுவே தடையாகத் தோன்றிற்று. தமிழ் கேட்காத இடத்திற்குச் சென்றால்தான் உலகம் தெரியும் என்று வாதிட்டாள். அவள் பள்ளியில் தெலுங்கை முதன்மொழியாகக் கற்றவள். தமிழ் எழுத்தை ஆயாவின் மடியிலும், வேலூர்ப் பேருந்துகளின் பலகைகளிலும் கற்றவள். திருமலைக் கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்திருப்பதை அறிந்தபோது, ‘நம் எழுத்து இங்கும் இருக்கிறதே’ என்று வியந்தவள். அரசு அலுவலகத்தில் தன் தாய்மொழி வீற்றிருக்கும் நாடு ஒன்றில் நான்கு மாதம் வாழ்வது அவளுக்கு எதைக் கற்பிக்கும் என்பதை நாங்கள் முன்கூட்டிச் சொல்ல முயலவில்லை.

அவள் மனத்தை மாற்றியது தமிழுமன்று, நாட்காட்டியுமன்று, தண்ணீரே. சித்தூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆயிரம் அடிக்குத் துளையிட்டும் நீர் காணாத ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. எங்கள் உறவினர் ஒருவர் மூன்று கிணறு தோண்டி, மூன்றும் பொய்த்து, மாந்தோப்பை விற்றார். சிங்கப்பூரிலோ பெரிய ஆறில்லை. 1962-இல் செய்த ஒப்பந்தப்படி ஜொகூரிலிருந்து நீர் பெறுகின்றனர். அவ்வொப்பந்தமும் 2061-இல் முடிவடையும். ஆகையால், மழைநீரைத் தேக்கியும், கடல்நீரைக் குடிநீராக்கியும், பயன்படுத்திய நீரைத் தூய்மை செய்து ‘நியூவாட்டர்’ என்னும் பெயரில் 2003 முதல் மறுபடி வழங்கியும் வருகின்றனர். “திரும்பி வரும்போது என்ன கொண்டு வருவாய்?” என்று நாங்கள் கேட்டோம். “இதைக் கொண்டு வருகிறேன்” என்று நீர்மேலாண்மைப் பாடத்தின் விவரத்தைக் காட்டினாள். அன்றே இடம் முடிவாயிற்று.

அதன்பின் தாள்களின் காலம் தொடங்கிற்று. ஆறாம் பருவத்தில் மட்டும் நடக்கும் மண் ஆய்வுக்கூடப் பயிற்சி ஒன்று அவளுக்குக் கட்டாயம். அதற்கு ஈடான பாடம் அங்கே உண்டா, உண்டெனில் இங்கே ஏற்பரா என்பதே பெருங்கவலை. இரு பாடத்திட்டங்களையும் வரிசைப்படுத்தி அவள் எழுதித் தர, துறையினர் ஒப்பிட்டுப் பார்த்து, நான்கு பாடங்களை ஏற்றனர். ஆய்வுக்கூடப் பயிற்சியைக் கோடை விடுமுறையில் முடித்துக்கொள்ள இசைந்தனர். வாய்மொழி இசைவோடு நில்லாமல், கையொப்பமிட்ட தாளாகவே அதனைப் பெற்றாள். அங்கே பெறும் மதிப்பெண் இங்குள்ள சராசரியில் சேருமா, தேர்ச்சி என்று மட்டும் குறிக்கப்படுமா என்பதையும் அத்தாளிலேயே எழுதுவித்தாள். பரிமாற்றத்திற்குப் புறப்படும் பிள்ளைகள் யாவரும் இதனை மறவாதிருத்தல் நலம்.

பெயரும் ஒரு தொல்லையாயிற்று. ஆந்திரத்தில் ‘இண்டிபேரு’ என்னும் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். பள்ளியில் சேர்த்த காலத்தில் எழுத்தர் ஒருவர் எங்கள் மகளின் தந்தை பெயரையே வீட்டுப்பெயராக்கிவிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதார் அட்டையில் மற்றொரு விதம். கடவுச்சீட்டு விண்ணப்பமோ குடும்பப்பெயர், இயற்பெயர் என இரு கட்டங்களைக் காட்டிற்று. மூன்றையும் ஒன்றாக்க நான்கு மாதம் சென்றது. எல்லைகள் மாறிய ஊரில் வாழ்வோர், பயணத்திற்கு ஓராண்டு முன்னரே தம் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறுவோம்.

இனிப் பணம். கல்விக் கட்டணம் இல்லையெனினும் விடுதி, உணவு, விமானச்சீட்டு, மருத்துவக் காப்பீடு ஆகியவை உண்டு. ஜெர்மனியை எண்ணியிருந்தபோது, அங்கே மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்கென முடக்க வைப்பாகக் காட்டவேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டிற்கு 11,904 யூரோவாக, அதாவது மாதம் 992 யூரோவாக உயர்ந்ததைப் படித்து மலைத்தோம். சிங்கப்பூரிலும் வாழ்க்கைச் செலவு குறைவன்று. மகளின் திருமணத்திற்கென்று நாங்கள் ஐந்தாண்டாகக் கட்டிவந்த சீட்டு இவ்வாண்டு முதிர்ந்தது. அதை எடுப்பதா என்ற பேச்சு எங்கள் இருவரிடையே பல இரவுகள் நிகழ்ந்தது. உறவினர் சிலர் நேரிலேயே கண்டித்தனர். “கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கரைச்சிட்டா அப்புறம் என்ன செய்வீங்க?” என்றனர். இறுதியில், எவரும் எதிர்பாராத வண்ணம், ஆயாவே முடிவு சொன்னார்: “அவ படிப்புக்கு ஆகாத பணம் அவ கல்யாணத்துக்கு எதுக்கு? எடுத்துக் குடுங்க.” உணவை வெறுத்த அதே ஆயாதான் இதனைச் சொன்னார். ஆறு மாதங்களாக மேசைமேல் பரப்பப்பட்ட தாள் ஒவ்வொன்றிலும் பேத்தி திரும்பும் நாளே எழுதப்படுவதை அவர் அருகிருந்து பார்த்திருந்தார்.

ஓராண்டுத் திட்டத்தில் நாங்கள் கற்றது இதுவே: அயல்நாட்டுப் பயணத்தை மீளும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். திரும்பி வந்து எந்த வகுப்பில் அமர்வாள், எந்தத் தேர்வை எழுதுவாள், எந்தப் பாடம் கணக்கில் ஏறும், எந்த ஊருக்கு அக்கல்வி பயன்படும் என்பவற்றை முதலில் உறுதி செய்தால், புறப்பாடு தானே ஒழுங்குபடும். நம் முன்னோருக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை. வறுமையும் பஞ்சமும் தள்ள, அவர்கள் போனார்கள். வருவது அவர்கள் கையில் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அது கையில் உள்ளது. படித்த இடத்திலேயே பின்னர் ஒரு நாள் அவர்கள் வாழ விரும்பலாம். அது அவர்தம் உரிமை. ஆயினும், வருவதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்து அனுப்புவது பெற்றோர் கடமை.

எங்கள் மகள் வரும் ஜனவரியில் புறப்படுகிறாள். சித்தூர் வீட்டு நாட்காட்டியில், மே மாதத் தாளில், அவள் வந்து சேரும் நாளை ஆயா தம் கையால் மஞ்சள் தடவிக் குறித்துள்ளார். உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியின் பொருட்டு எத்திசை செல்லினும், சென்ற காரியம் கைகூடி, நலமே மீண்டு வருக என வாழ்த்துகிறோம்.